லோடு இறக்கியாச்சு, வாடகை எங்கே?

நாமக்கல் லாரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஏற்றும்போது ஒரு வாடகை பேசிவிட்டு, இறக்கியதும் "அதெல்லாம் கணக்கில் வராது" என்று கையை விரிக்கும் பார்ட்டிக்கு அடுத்த தடவை யாரும் வண்டி விடமாட்டார்கள். இந்திய அரசாங்கம் தன் ராணுவ டாக்டர்களிடம் அதையேதான் செய்தது. அதுவும் சட்டப்படி!

விஷயம் இதுதான். ராணுவ டாக்டர் தனியாக கிளினிக் வைத்துச் சம்பாதிக்க முடியாது. அந்த இழப்புக்கு ஈடாகத் தருவது நான்-பிராக்டிசிங் அலவன்ஸ். ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது அடிப்படைச் சம்பளத்தில் 25 சதவீதமாக இருந்தது. 1996 ஜனவரிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன் கணக்கிலும் அது சேர்ந்தது.

அதற்கு முன்னால் ஓய்வு பெற்றவர்களுக்கு? அந்தத் தலைமுறைதான் 1965லும் 1971லும் குண்டடி பட்டு வந்தவர்களைப் பிழைக்க வைத்தது. 1999ல் வந்த உத்தரவுப்படி அவர்களுடைய பென்ஷனை உயர்த்தியபோது இந்தப் படியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2001 செப்டம்பரில் இன்னொரு சுற்றறிக்கை வந்தது: "சேர்க்கக் கூடாது." கொடுத்த பணத்தையும் திருப்பிப் பிடிக்கக் கிளம்பினார்கள்!

கர்னல் பி.ஜே. அக்காராவும் மற்ற ஓய்வு பெற்ற ராணுவ டாக்டர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2006 அக்டோபரில் தீர்ப்பு. படியைச் சேர்க்க வேண்டியதில்லை என்பதில் அரசுக்கு வெற்றி. ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப வாங்கக் கூடாது என்பது மட்டும் டாக்டர்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

சட்டம் அப்படிச் சொன்னது, சரி. நியாயம்? 1995 டிசம்பர் 31 அன்று ஓய்வு பெற்றவர் மட்டும் பணியில் இருந்த காலத்தில் கிளினிக் நடத்தினாரா என்ன? ஓய்வு பெற்ற தேதியை வைத்துப் பென்ஷன்காரர்களைப் பிரிக்கக் கூடாது என்று 1982லேயே நகாரா வழக்கில் இதே உச்ச நீதிமன்றம் சொன்னதே!

"கஜானா தாங்காது" என்பார்கள். தாங்காது என்றால் அதைச் சேர்க்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். டாக்டருக்கு எழுபது வயதான பிறகா சொல்வது?

ஒரு தடவை நடந்த தவறு என்றால் விட்டுவிடலாம். 1986ல் தொடங்கிய 'ரேங்க் பே' பிடித்தத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவு வந்தது 2012ல். இருபத்தாறு வருஷம்! ஒரே பதவி ஒரே பென்ஷன் திட்டத்தின் பாக்கியை எந்தெந்த மாதத்துக்குள் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே அட்டவணை போட வேண்டியிருந்தது. கேட்பவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. காத்திருந்தால் லாபம் யாருக்கு?

1966 முதல் 1969 வரை ராணுவத் தளபதியாக இருந்த ஜெனரல் குமாரமங்கலத்தின் ஊர் திருச்செங்கோடு பக்கம். அவர் தம்பி மோகன் குமாரமங்கலத்தின் பெயரில்தான் சேலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல் ஹாஸ்டலில் ராத்திரி பகலாக மனப்பாடம் செய்து அங்கே சீட் வாங்கும் பையன், ராணுவத்தில் சேரலாமா என்று யோசித்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வது? "தேசத்துக்குச் சேவை செய் தம்பி, கூடவே ஒரு வக்கீலையும் பார்த்து வைத்துக்கொள்" என்றா?

எட்டாவது ஊதியக் குழுவும் வந்துவிட்டது. பழையவர், புதியவர் எல்லோருக்கும் ஒரே கணக்கு. பாக்கி ஒரு வருஷம் தாண்டினால் கேட்காமலே வட்டி. இந்த இரண்டையும் இப்போதே எழுதி வைக்கட்டும்.

காயத்துக்குக் கட்டுப் போட்டவர்கள் "முதலில் கோர்ட்டுக்குப் போய் வா" என்று யாரிடமும் சொல்லவில்லை.