இப்ப என்ன படிக்கிறீங்க? இது பரீட்சைக் கேள்வி இல்லீங்க!

மக்களே, ஒரு வாரமா ஆணி ரொம்ப அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல ஒரு கம்பெனியோட சர்வர் படுத்துட்டா, பொட்டி தட்டுறவன்தான் பையைத் தூக்கிட்டு ஓடணும். இருந்தாலும் மனசுல கிடந்து உறுத்துற ஒண்ணைக் கொட்டிட்டுப் போயிடறேன். திட்டுறவங்க தாராளமா திட்டலாம்.

நம்ம ஆளுங்ககிட்ட "இப்ப என்ன வாசிச்சிட்டு இருக்கீங்க?"ன்னு கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு விதமான பதில்தான் வரும். முதல் ரகம் மென்னு முழுங்கும். "சும்மா... ஏதோ..."ன்னு இழுக்கும். கையில ராஜேஷ்குமாரோ ரமணிசந்திரனோ இருக்கும், சொன்னா சிரிப்பாங்கன்னு பயம். ரெண்டாவது ரகம் படிக்கிற புத்தகத்தைச் சொல்லவே சொல்லாது. எதைச் சொன்னா கெத்தோ அதைச் சொல்லும். "எந்தப் பக்கத்துல இருக்கீங்க?"ன்னு கேட்டா உடனே பேச்சு மழை, வெயில்னு போயிடும்.

என் கோபம் இந்த ரெண்டு பேர் மேலயும் இல்லை. இவங்களை இப்படி ஆக்கி வெச்சிருக்கிற மூணாவது ஆள் மேல. யாராவது ஒரு புத்தகத்தோட பேரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கி "ஓ, இன்னும் அங்கயேதான் இருக்கீங்களா?"ன்னு கேக்குற வாசிப்புப் போலீஸ் மேல. இவர் கையில எப்பவும் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலை ஒட்டி அடுத்தவரை மார்க் போடுறதுதான் இவருக்குத் தெரிஞ்ச ஒரே இலக்கியப் பணி.

இதுக்கு க.நா.சுப்ரமண்யத்தைத் துணைக்குக் கூப்பிடுவாங்க. பட்டியல் போட்டவர்தானே அவர்னு. ஐயா, அவர் பட்டியல் மட்டுமா போட்டார்? 'படித்திருக்கிறீர்களா?'ன்னு ஒரு கட்டுரை வரிசையே எழுதினார். தலைப்பைப் பார்த்தா மிரட்டுற மாதிரிதான் இருக்கும், உள்ள போனா ஒவ்வொரு புத்தகமா எடுத்து, இது ஏன் எனக்குப் பிடிச்சிருக்குன்னு நம்ம பக்கத்துல உக்காந்து சொல்றார். அந்தச் சொல்றதை விட்டுட்டு தலைப்பை மட்டும் லத்தி மாதிரி தூக்கிட்டு அலையறவங்களுக்கு அவர் என்ன பண்ணுவார் பாவம்.

எஸ்.ஆர். ரங்கநாதன் நம்ம சீர்காழிக்காரர். 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி உலகத்துக்கே கொடுத்தவர். அதுல ஒண்ணு வாசகர் ஒவ்வொருத்தருக்கும் அவருக்கான புத்தகம் உண்டுங்குது, அடுத்தது புத்தகம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாசகர் உண்டுங்குது. சரி, அந்த வாசகரும் அந்தப் புத்தகமும் சந்திக்கறது எப்படி? நாம கட்டுற சொத்து வரியோட ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் போகுது, அதுல புத்தகம் வருது, அலமாரி ஏறுது. அலமாரி வாய் திறந்து பேசாதே. ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவனுக்கு நூலகம் திறந்திருந்தாலே அதிசயம், இதுல எந்த வரிசையில தேடுவான்? படிச்ச ஒருத்தன் வாயைத் திறந்தாத்தான் உண்டு.

முன்னாடி வாயைக்கூடத் திறக்க வேண்டியதில்லை, அட்டையே பேசிடும். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியா வர்ற லோக்கல் ரயில்ல எதிர் சீட்டுக்காரர் பாக்கெட் நாவலை விரிச்சா, அவர் என்ன படிக்கிறார்னு பெட்டிக்கே தெரியும். அவர் இறங்கறதுக்குள்ள "முடிச்சிட்டா குடுங்க சார்"னு ஒரு கை நீளும். இப்போ எல்லார் கையிலயும் போன். ஒருத்தர் தி. ஜானகிராமன் படிக்கிறாரா, ரீல்ஸ் தள்ளுறாரான்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் சொல்றேன், முன்னாடியாவது சும்மா இருந்தா நடந்துச்சு. இப்ப சொன்னாத்தான் நடக்கும்.

ஒரு உதாரணம். போன வருஷம் கம்பெனி பஸ்ஸுல டி. செல்வராஜோட 'தோல்' வெச்சிருந்தேன். திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பத்தின நாவல், 2012-ல சாகித்ய அகாதெமி விருது வாங்கினது. குண்டுப் புத்தகம். பக்கத்துல உக்காந்திருந்த ஃபிட்டர் அண்ணன் ஒருத்தர் "என்ன தம்பி, பரீட்சையா?"ன்னார். (நம்ம ஊர்ல முப்பதை நெருங்கறவன் கையில புத்தகம் இருந்தா ஒண்ணு குரூப் டூ, இல்லேன்னா பேங்க் எக்ஸாம்.) இல்லண்ணே, கதைன்னேன். எதைப் பத்தின்னார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "எங்க சித்தப்பா ராணிப்பேட்டையில தோல் ஷாப்புலதான் இருந்தாரு. அவரு கையால சோறு வாங்கித் திங்க மாட்டேன் நானு, நாத்தம்"னார். கவரைப்பேட்டை தாண்டற வரைக்கும் அந்தக் கை பத்தியே பேசினார். நகம் எப்படி இருக்கும், தீபாவளிக்கு எண்ணெய் தேய்ச்சாலும் எப்படிப் போகாதுன்னு. பள்ளிக்கூடத்தை விட்டதுக்கப்புறம் பாடப்புத்தகம் தவிர எதையும் தொட்டதில்லைன்னு சொன்னவர், புத்தகத்தை வாங்கிட்டுப் போனார். ரெண்டரை மாசம் ஆச்சு. திரும்பி வரும்போது அட்டையில குழம்புக் கறை, உள்ள நாலஞ்சு இடத்துல பென்சில் கோடு. அவர் கோடு போட்ட இடத்தையெல்லாம் மறுபடி படிச்சேன். நான் வேகமாத் தாண்டிப் போன பக்கங்கள் அவை.

வாசிப்புப் போலீஸ் அந்த பஸ்ஸுல இருந்திருந்தா என்ன கேட்டிருப்பார்? "முற்போக்கு எழுத்தா? யதார்த்தவாதம் எல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சே" :-)

இன்னொரு கூட்டம் நாகரிகமா வரும். "வாசிப்பு அந்தரங்கமான விஷயம், வெளிய சொல்ல என்ன இருக்கு?"ன்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா தமிழ்ல தனியா, சத்தம் வராம வாசிக்கறதே ரொம்பப் பழைய வழக்கம் இல்லை. நவீன நாவல் வந்தப்போதான் அது நடுத்தர வர்க்கத்துல பரவுச்சுன்னு ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்'ல விளக்குவார். அதுக்கு முன்னாடி பெரிய எழுத்துக் கதைகளைத் திண்ணையில ஒருத்தர் ராகம் போட்டு வாசிப்பார், தெருவே கேக்கும். அப்புறம் திராவிட இயக்கப் படிப்பகங்கள்லயும் டீக்கடைகள்லயும் ஒருத்தர் பேப்பரைச் சத்தமா படிக்க, எழுத்துத் தெரியாதவரும் பக்கத்துல நின்னு அரசியல் பேசினார். இதுல எங்கங்க அந்தரங்கம்?

முடிவெட்டுற கடைகளையும் விட்டுடக் கூடாது. இங்க இருக்கிற இலங்கைத் தமிழர் முகாம்ல ஒரு பெரியவர்தான் எனக்கு டொமினிக் ஜீவா பேரைச் சொன்னார். யாழ்ப்பாணத்துல சலூன் நடத்திக்கிட்டே 1966-ல 'மல்லிகை' ஆரம்பிச்சு, நாற்பது வருஷத்துக்கு மேல நடத்தின மனுஷன். அந்தப் பேரை எனக்கு எந்தப் பட்டியல்காரரும் சொன்னதில்லை. தூத்துக்குடியில பொன். மாரியப்பன் தன்னோட சலூன்லயே நூலகம் வெச்சு, உக்காந்து படிக்கிறவங்களுக்குக் கட்டணத்துல தள்ளுபடி தர்றார். 2020-ல பிரதமர் வானொலியில அவர்கூடப் பேசின பிறகு நாடு முழுக்கத் தெரிஞ்சுது. அங்க வர்றவங்ககிட்ட யாரும் "இதையா படிக்கிறீங்க?"ன்னு கேட்டு மூக்கைச் சுளிச்சா கடை நடக்குமா?

ஜனவரியில நந்தனத்துல பை பையா புத்தகம் வாங்கி அடுக்கி, போட்டோ எடுத்துப் போடறோமே, அதைப் பத்தியும் ஒரு வார்த்தை. வாங்கினதைச் சொல்றது வேற, படிக்கிறதைச் சொல்றது வேற. ஒரு காலத்துல ஒரு பதிப்புன்னா 1,000, 1,200 பிரதி. இப்ப பல பதிப்பகங்கள் அதுல ஒரு துளி போட்டுப் பார்த்துட்டு, கேட்டா மேல அடிக்கலாம்னு காத்திருக்காங்க. யார் கேப்பா? புத்தகத்தோட பேரே காதுல விழாதவன் எப்படிக் கேப்பான்?

அதனால கேக்கறேன், பேரை மட்டும் சொல்லாதீங்க. எங்க நிக்கறீங்க, எது கடுப்படிக்குது, எந்த இடத்துல மூடி வெச்சிட்டு ஜன்னலைப் பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க. பாதியில விட்டிருந்தாலும் சொல்லுங்க. ராஜேஷ்குமார்னா ராஜேஷ்குமார்னே சொல்லுங்க, யாரு என்ன பண்ணிடுவா?

நான் இப்போ ராஜம் கிருஷ்ணனோட 'கரிப்பு மணிகள்' படிச்சிட்டு இருக்கேன். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளிகள் கதை. பேச்சுவழக்கு எனக்குக் கொஞ்சம் தடுக்குது, ரெண்டு நாளா வண்டி நகரலை. ஃபிட்டர் அண்ணன் அடுத்து எனக்குத்தான்னு துண்டு போட்டு வெச்சிருக்கார், அவருக்காகவாவது முடிக்கணும்.

நீங்க?

டிஸ்கி: ராஜேஷ்குமார் 1,500 நாவலுக்கு மேல எழுதியிருக்கார். அதுல ஒண்ணைக்கூடத் தொடாமதான் வாசகன் ஆனேன்னு சொல்ற போலீஸ்காரர் யாராவது இருந்தா, கையைத் தூக்குங்க பார்ப்போம் ;-)