ஸ்கோர் நோட்டு

1889 ஜனவரியில் கொழும்பில் ஒரு பேஸ்பால் ஆட்டம் நடந்தது. ஸ்பால்டிங் என்ற விளையாட்டுச் சாமான் வியாபாரி இரண்டு அமெரிக்க அணிகளை உலகம் சுற்றக் கூட்டிவந்திருந்தார். சிகாகோ அணியின் கேப்டன் கேப் ஆன்சன். இருபத்தேழு சீசன் ஆடியவர். மூவாயிரம் ஹிட்டைத் தொட்ட முதல் ஆளாக எண்ணப்படுபவர்.

அந்த நூற்றாண்டின் பெரிய அடிகாரர்கள் பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். 1894இல் ஹியூ டஃபி எடுத்த சராசரி .440, அதாவது நூறு வாய்ப்பில் நாற்பத்து நான்கு ஹிட். நேஷனல் லீகில் இன்றுவரை அதை யாரும் எட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் பந்து வீசும் இடத்தை 60 அடி 6 அங்குலத்துக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். பந்தைப் பார்த்து அடிக்க நேரம் கிடைத்தது. 1887இல் மட்டும், அடிக்காமல் நடந்தே முதல் பேஸுக்குப் போனதையும் ஹிட்டாகக் கணக்கெழுதினார்கள். அந்த வருஷத்து ஆன்சனின் சராசரி அதனாலேயே உயர்ந்து நின்றது. விதியால் ஏறிய எண்ணைப் பின்னால் வருகிறவர்கள் கழித்துத் திருத்திவிடலாம்.

திருத்தவே முடியாத கணக்கு வேறு. அதே 1887 ஜூலையில், நியூவார்க் அணியின் கறுப்பினப் பந்துவீச்சாளர் ஜார்ஜ் ஸ்டோவி இறங்கினால் ஆட மாட்டோம் என்றார் ஆன்சன். அதே நாளில் இன்டர்நேஷனல் லீக் முதலாளிகள் கூடி, இனி கறுப்பினத்தவரை எடுப்பதில்லை என்று முடிவுசெய்தார்கள். அந்த லீகில் பஃபலோ அணிக்கு ஆடிய ஃபிராங்க் கிராண்ட், எந்தப் பெரிய அணியிலும் முதல் ஆளாக இறங்கியிருக்க வேண்டிய அடிகாரர். அவருக்கு அந்த வாசல் திறக்கவேயில்லை. பட்டியலின் உச்சியில் நிற்கிறவரே வாசலில் காவல் நின்றிருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

சென்னையிலும் அதே கதைதான். 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையருக்கானது. 1888இல் புச்சி பாபு நாயுடு இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை உருவாக்கினார். இரு தரப்பும் மோதும் ஆட்டத்துக்கு 1908இல் ஏற்பாடு செய்த அவர், அது நடப்பதற்குள் இறந்துபோனார். பிற்பாடு அதுதான் பொங்கல்தோறும் நடந்த பிரசிடென்சி ஆட்டம்.

2024 மே மாதம் அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தனியே ஆடிய நீக்ரோ லீக் புள்ளிவிவரங்களை மேஜர் லீக் கணக்கில் சேர்த்தார்கள். வாழ்நாள் சராசரியில் டை காபின் .367ஐத் தாண்டி, நீக்ரோ லீக் அடிகாரர் ஜோஷ் கிப்சன் .372 என்று முதலிடத்துக்கு வந்தார். கறுப்பினப் பத்திரிகைகள் அன்றைக்கே அச்சிட்டிருந்த ஸ்கோர்களை ஆய்வாளர்கள் வருஷக்கணக்கில் தேடிச் சேர்த்ததால் நடந்தது இது. கிப்சன் இறந்தது 1947இல். எழுதிவைக்காமல் விட்டிருந்தால் எதைச் சேர்த்திருப்பார்கள்?

நம் பக்கம், இரும்பையிலிருந்து மரக்காணம் வரை பொங்கலுக்கும் கோடையிலும் டென்னிஸ் பந்து போட்டிகள் நடக்கின்றன. உப்பளத்து வேலை முடித்து மட்டை பிடிக்கும் பையன்கள் அடிக்கும் அடியின் வலு பார்த்தவர்களுக்குத் தெரியும். கோப்பையைக் கொடுத்ததும் ஸ்கோர் நோட்டு எங்கோ போய்விடுகிறது. பல இடங்களில் ஊர் அணி, காலனி அணி, குப்பத்து அணி என்று இன்னமும் பிரிந்தே ஆடுகிறார்கள். சில போட்டிகளில் சில அணிகளுக்கு அழைப்பே போவதில்லை. இதை வழக்கம் என்று சொல்லி நகர்ந்துவிட நமக்கு உரிமையில்லை.

அடுத்த இதழிலிருந்து கடைசி நான்கு பக்கங்கள் ஸ்கோருக்கு. பழைய நோட்டு கிழிந்திருந்தாலும் அனுப்புங்கள், படியெடுத்துத் திருப்பித் தருகிறோம். ஆடியவர்களின் பெயரை இனிஷியலோடு எழுதுங்கள். எந்த அணியை அழைக்கவில்லை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்; அதையும் அச்சிடுவோம்.