கூரை மடியும் மொறிஸ் மைனருக்கு எந்த இயந்திரம்?

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்களில் முதல் தலைமுறையினர் பலர் இப்போது ஓய்வுபெறும் வயதை அடைந்துவிட்டனர். பிள்ளைகள் படித்து முடித்துத் தத்தம் வழியில் சென்றுவிட்டார்கள். வீட்டுக் கடனும் தீர்ந்துவிட்டது, அல்லது தீரும் தறுவாயில் இருக்கிறது. இத்தகையவர்களில் சிலருக்குப் பழைய கார் ஒன்றின் மீது நாட்டம் ஏற்பட்டிருப்பதை அண்மைக் காலமாக அவதானிக்கிறேன். இலங்கையில் வளர்ந்தவர்களுக்குப் பழைய கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மொறிஸ் மைனர்தான். அதிலும் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய கொன்வேட்டிபிள் மீதுதான் ஆசை அதிகம். இங்கிலாந்தில் வாழும் நண்பர்கள் இருவர் தனித்தனியே என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றேதான்: "948 சி.சி.யை வாங்குவதா, 1098 சி.சி.யை வாங்குவதா?"

நான் மெக்கானிக் அல்லன். ஆனால், மொறிஸ் மைனரில் நெடுங்காலம் பயணம் செய்தவன். அதைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித்தேடி வாசித்தவன். அந்த உரிமையுடன் எனது அபிப்பிராயத்தைச் சொல்வதென்றால், நண்பர்களின் கேள்வி நியாயமானது. ஆனால், அது முதலில் கேட்கப்படவேண்டிய கேள்வி அல்ல. கூரையில்லாத பழைய காரொன்றை வாங்கும்போது இயந்திரம் இரண்டாவது இடத்தில்தான் வரவேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்கு வரும்போதும் குதிரை வலுவை மாத்திரம் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

முதலில் சற்று வரலாறு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948ஆம் ஆண்டு ஒக்டோபரில் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகப்படுத்தப்பட்டது. திறந்த கார் தொடக்கத்திலேயே இருந்தது. 1969ஆம் ஆண்டுடன்தான் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இசிகோனிஸ் இந்தக் காருக்கென்று புதிய இயந்திரமொன்றை விரும்பினார். அது கைகூடாததால் பழைய மொறிஸ் எயிற் காரின் வழிவந்த 918 சி.சி. இயந்திரம் பொருத்தப்பட்டது. 1952இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனத்தை உள்ளடக்கிய நுஃபீல்ட் குழுமமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன் ஆனதன் பின்னர், ஒஸ்ரினின் 'ஏ' வரிசை இயந்திரம் மைனருக்குள் புகுந்தது. முதலில் 803 சி.சி.; 1956இல் 948 சி.சி.; 1962இல் 1098 சி.சி. ஆக, இன்று இந்தக் காரைத் தேடுபவரின் முன்னால் நான்கு இயந்திரங்கள் இருக்கின்றன. அவற்றின் வலு முறையே 27.5, 30, 37, 48 குதிரை வலு.

918 சி.சி. இயந்திரத்துக்கு அதற்கேயுரிய அழகு இருக்கிறது. மெதுவானது, மென்மையானது. ஆனால், இன்றைய வீதிகளில் பின்னால் வருபவரின் பொறுமையை அது பெரிதும் சோதிக்கும். அதை வாங்குபவர் காரை ஓட்டுவதற்காக வாங்குவதில்லை. ஆரம்பகால மைனர் ஒன்றை வைத்திருப்பதற்காக வாங்குகிறார். 803 சி.சி. இயந்திரத்தில் சிறிய வலுவை ஈடுசெய்யக் கியர் விகிதத்தைக் குறைத்துக் கட்டியிருந்தார்கள். ஏற்றத்தில் அது சமாளிக்கும். சமதரையில் வேகமாகப் போக முனைந்தால் இயந்திரம் கதறும். இவை இரண்டும் சேகரிப்பாளர்களுக்கு உரியவை.

உண்மையான தெரிவு 948க்கும் 1098க்கும் இடையில்தான். 948 சி.சி. இனிமையாகச் சுழலும் இயந்திரம். பழைய மைனர்காரர்களில் பலர் இன்றும் அதையே விரும்புகிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1098 சி.சி.யில் பிஸ்டனின் ஓட்டம் நீளம். ஆகவே, கீழ்ச் சுழற்சியில் இழுவை அதிகம், மேல் சுழற்சியில் அதிர்வும் அதிகம். ஆனால், 1962இல் மாறியது இயந்திரம் மாத்திரம் அல்ல. முன்சில்லுகளின் பிறேக் டிரம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெரிதாக்கப்பட்டது. கியர் பெட்டி பலப்படுத்தப்பட்டது. பின் அச்சின் விகிதம் 4.55 இலிருந்து 4.22 ஆக மாற்றப்பட்டதால், அதே வேகத்தில் இயந்திரம் குறைவாகச் சுழன்றால் போதும். விளம்பரங்களில் 48 குதிரை வலு என்பதைத்தான் பெரிதாகப் போடுவார்கள். எனக்கு அந்த 11 குதிரை வலுவை விட அந்த ஓரங்குல பிறேக்தான் பெரிதாகத் தெரிகிறது.

ஓர் இயந்திரத்தின் பெறுமதியைக் குதிரை வலு தீர்மானிப்பதில்லை என்பதை யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டிய தேவையில்லை. 1990ஆம் ஆண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதன் பின்னர் குடாநாட்டுக்குப் பெற்றோல் செல்வது தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் அங்கே வீதிகளில் ஓடியவை ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும்தான். அவை மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்திருக்கும் இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே, எங்கோ பதுக்கிவைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருக்குள் விட்டு உயிர்கொடுப்பார்கள்; சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் புகை கக்கும் கார்கள்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றன.

அது எப்படிச் சாத்தியமானது? அந்த இயந்திரங்களின் அமுக்க விகிதம் குறைவு. 948 சி.சி.யில் இரு வகைகள் இருந்தன: ஒன்று 8.3, மற்றையது 7.2. தரக்குறைவான பெற்றோல் கிடைக்கும் நாடுகளுக்காகவே இந்தக் குறைந்த விகிதம். அமுக்கம் கூடிய நவீன இயந்திரத்துக்குள் மண்ணெண்ணெயை விட்டால் அது படபடவென்று தட்டிக்கொண்டு நின்றுவிடும். பழைய இயந்திரங்கள் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து இயந்திர எண்ணெயை ஐதாக்கிவிடுவதால் எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டியிருந்தது என்பதும் உண்மை. வலுக் குறைந்த அந்த இயந்திரங்களே அன்று அந்த மண்ணுக்குப் பொருத்தமானவையாக இருந்தன. எந்த வீதியில், எந்த எரிபொருளில், எதற்காக ஓடப்போகிறது என்பதைக் கேட்காமல் இயந்திரத்தை எடைபோட முடியாது.

அதே கேள்வியை இன்றைய இங்கிலாந்தில் கேட்டுப்பார்ப்போம். கூரையை மடித்த காரில் மணிக்கு 50 மைலுக்கு மேல் போனால் காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. கூரையைப் போட்டாலும் அந்தத் துணி படபடத்துக்கொண்டே இருக்கும். ஆகவே, இந்தக் காரின் இயல்பான வேகம் 40க்கும் 50க்கும் இடைப்பட்டது. அந்த வேகத்துக்கு 37 குதிரை வலுவே போதுமானது. எரிபொருளைப் பொறுத்தவரை, ஈயம் கலந்த பெற்றோலின் பொது விற்பனை அங்கே 2000ஆம் ஆண்டு தொடக்கத்துடன் முடிவுக்கு வந்தது, இலங்கையில் 2002இல். ஈயம் இல்லாத பெற்றோலில் நீண்ட தூரம் வேகமாக ஓடினால் 'ஏ' வரிசை இயந்திரத்தின் வெளியேற்று வால்வு இருக்கைகள் தேயும். கடினப்படுத்தப்பட்ட இருக்கைகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்று விற்பவரைக் கேட்பது, எத்தனை சி.சி. என்று கேட்பதற்குச் சமமான முக்கியத்துவம் உடையது. 2021 செப்டெம்பரிலிருந்து பிரித்தானியாவில் சாதாரண பெற்றோலில் 10 சதவீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. பழைய இறப்பர்க் குழாய்களுக்கு அது உகந்ததல்ல. எதனோல் குறைந்த உயர்தரப் பெற்றோலைப் பாவிப்பதே நல்லது.

இனி, முதலில் கேட்கவேண்டிய கேள்விக்கு வருவோம்: காரின் உடற்கூடு எப்படி இருக்கிறது?

மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடற்கூடே அதன் எலும்புக்கூடு. மூடிய காரில் கூரையும் அந்தப் பலத்தின் ஒரு பகுதி. கொன்வேட்டிபிளில் கூரை இல்லாததால், டாஷ்போர்ட்டின் கீழும் கதவுத் தூண்களிலும் மேலதிகப் பலப்படுத்தல்களைத் தொழிற்சாலையில் செய்திருந்தார்கள். எஞ்சிய பாரம் முழுவதையும் தாங்குவது கதவுகளுக்குக் கீழாக நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டங்கள். அங்கே கறள் பிடித்தால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும். கதவுக்கும் தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பாருங்கள். மேற்பகுதியில் ஒடுங்கியிருந்தால், அல்லது ஜக் வைத்துத் தூக்கும்போது கதவு இறுகிக்கொண்டால், இயந்திரம் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் விலகிவிடுவதே நல்லது. முன் இருக்கைகளின் கீழே குறுக்காக ஓடும் சட்டத்தையும் பின் வில்தகடுகள் பொருந்துமிடங்களையும் அவ்வாறே பார்க்கவேண்டும். முன்சில்லைத் தாங்கும் கீழ்த் திருகுமூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் போடாவிட்டால், அது தேய்ந்து ஒருநாள் சில்லு சரிந்து விழுந்துவிடும். மைனரின் மிகவும் பிரசித்தமான பலவீனம் இது.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2018 மே மாதத்திலிருந்து பிரித்தானியாவில் 40 வருடங்களைக் கடந்த கார்களில், பெரிய மாற்றங்கள் செய்யப்படாதவற்றுக்கு வருடாந்தக் கட்டாயப் பரிசோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. வயதைப் பொறுத்தவரை மொறிஸ் மைனர்கள் அனைத்தும் அந்த வரம்பைக் கடந்துவிட்டன. சொந்தக்காரருக்கு இது வசதி, வாங்குபவருக்கு ஆபத்து. ஒருவரும் வருடக்கணக்கில் அடியில் குனிந்து பார்க்காத காரொன்று புத்தம்புதுப் பெயின்ற் பூச்சுடன் உங்கள் முன்னால் நிற்கலாம். விலக்கு இருந்தாலும் விரும்பினால் பரிசோதிக்கலாம். விற்பவர் அதற்கு இணங்கமாட்டார் என்றால், அதிலிருந்தே விடயத்தை விளங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு எச்சரிக்கை. திறந்த கார்களுக்கு விலை அதிகம் என்பதால் மூடிய இரு கதவுக் கார்களின் கூரையை வெட்டி கொன்வேட்டிபிளாக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். முறையாகப் பலப்படுத்திச் செய்தவையும் உண்டு. வெட்டியதோடு விட்டவையும் உண்டு. 'ஏ' வரிசை இயந்திரம் பொருத்திய மைனர் 1000 கார்களின் அடையாளத் தகட்டில் தொழிற்சாலையில் செய்த திறந்த கார் என்றால் எம்.ஏ.ரி. என்ற எழுத்துகளுடன் இலக்கம் தொடங்கும். எம்.ஏ.2எஸ். என்றிருந்தால் அது மூடிய காராகப் பிறந்தது.

சிலர் 1275 சி.சி. இயந்திரம் மாற்றிப் பொருத்திய காரைத் தேடுகிறார்கள். அதுவும் 'ஏ' வரிசையே என்பதால் பொருத்துவது கடினமல்ல. நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடவேண்டிய மூடிய மைனருக்கு அது நல்ல யோசனை. ஆனால், கொன்வேட்டிபிளுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். கூரையின் பலத்தை இழந்த உடற்கூட்டின் மீது மேலதிக வலுவையும் சுமத்துவது எதற்காக? அப்படியொன்றை வாங்கத்தான் வேண்டுமென்றால், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதையும், காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளவேண்டும்.

எனது முடிவு இதுதான். உடற்கூடு சமமாக இருக்கும் இரு கார்களில் 1098 சி.சி.யைத் தெரிவு செய்யுங்கள். வேகத்துக்காக அல்ல, பிறேக்குக்காகவும் கியர் பெட்டிக்காகவும். ஆனால், கறள் இல்லாத 948 சி.சி. காரும் தொய்ந்த 1098 சி.சி. காரும் முன்னால் நின்றால் ஒரு கணமும் யோசிக்காமல் 948ஐ வாங்குங்கள். 'ஏ' வரிசை இயந்திரம் 2000ஆம் ஆண்டில் பழைய மினி காரின் உற்பத்தி நிற்கும் வரை செய்யப்பட்டது. அதன் பாகங்கள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன. திறமையான மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றிப் புதிதாக்கிவிடுவார். உடற்கூட்டைப் புதிதாக்குவதற்கு அதைப் போலப் பல மடங்கு செலவாகும். மைனருக்கான பாகங்களை ஒரு காலத்தில் இலங்கையில் செய்து பிரித்தானியாவுக்கே ஏற்றுமதி செய்தார்கள் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது. பழைய காரைத் தூக்கியெறியாமல் தட்டி நிமிர்த்தி ஓட்டுகின்ற வித்தை எமது நாட்டுக் கராஜ்களுக்கு அவ்வளவு கைவந்திருந்தது.

இந்த வயதில் வாங்கும் காரில் பேரப்பிள்ளைகள்தான் பின் இருக்கையில் அமரப்போகிறார்கள். அந்தப் பின் இருக்கையில் ஆசனப்பட்டி இருக்காது. பொருத்துவதற்கான வசதி இருக்கிறதா என்பதையும் வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு மயங்குவதற்கு முன்னர், ஒரு ரோர்ச் லைற்றை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் குனியுங்கள்.