நனைந்த போர்வையின் எடை

ஒரு வீட்டில் ஒருவருக்கு ஸ்கேபீஸ் எனும் சிரங்கு கண்டால், மருந்தைக் கொடுத்த கையோடு நாம் சொல்லும் வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்: பாய், போர்வை, தலையணை, பெட்சீற் எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயப் போடுங்கோ. வீட்டில் சலவை இயந்திரம் இருப்பது தெரிந்தால் ‘மெசினில் போடுங்கோ’ என்பதும் சேர்ந்துகொள்ளும். சுவாச இழுப்புள்ள பிள்ளையின் தாய்க்கும், படுக்கையில் கிடக்கும் முதியவரைப் பார்க்கும் மகளுக்கும், வெள்ளம் வடிந்து வீடு திரும்பும் குடும்பத்துக்கும் ஏறத்தாழ இதையே சொல்கிறோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் தாதியரும் இந்த வாசகத்தை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது. தண்ணீரைத் தானே சூடாக்கும் இயந்திரமும் உலர்த்தியும் உள்ள நாடுகளில் உருவான அறிவுரை இது. வன்னியின் கிணற்றடிக்கு வந்து சேரும்போது அதன் பாதி உள்ளடக்கம் கழன்றுவிடுகிறது. பருமனான படுக்கைப் பொருட்களைப் பற்றி நாம் சொல்லும் எதுவும் இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வாதம்: அந்தப் பொருள் நனைந்தபின் என்ன ஆகும்? அதிலிருந்து எதை அகற்றப் போகிறோம்?

துணி சுத்தமாவது எதனால் என்பதற்கு ஜேர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய வேதியியலாளர் ஹேர்பேர்ட் சின்னர் 1959இல் தந்த விளக்கம் இன்றும் சலவைத் தொழிலின் அரிச்சுவடி. வெப்பம், அசைவு, வேதிப்பொருள், நேரம் ஆகிய நான்கும் ஒரு வட்டத்தின் பங்குகள். ஒன்று குறைந்தால் மற்றவை கூட வேண்டும். இந்த வட்டத்தை நமது வீடுகளில் வைத்துப் பார்ப்போம். இங்கே பரவலாக உள்ள இரட்டைத் தொட்டி இயந்திரங்களிலும் மேலே திறக்கும் இயந்திரங்களிலும் பெரும்பாலானவற்றுக்குத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி கிடையாது. குழாயில் எந்தச் சூட்டில் வருகிறதோ அந்தச் சூட்டில்தான் துணி தோயும். ஆகவே வெப்பம் இல்லை. கிணற்று நீர் பல இடங்களில் வன்னீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு சேர்ந்து நுரைக்குப் பதிலாகப் படிவை உண்டாக்குகின்றன. சலவைத் தூளும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆகவே வேதிப்பொருளின் பங்கும் குறைகிறது. மிஞ்சுவது அசைவும் நேரமும். ஒரு கனத்த போர்வையைத் தொட்டிக்குள் திணித்து மூடியை அமர்த்தும்போது அந்த அசைவையும் நாமே பறித்துவிடுகிறோம். நான்கில் மூன்று போன பிறகு, வீட்டார் பொறுமையிழந்து ‘குயிக் வோஷ்’ அழுத்தினால் நான்காவதும் போய்விடும். துணி ஈரமாகி வெளியே வரும். சுத்தமாகி வந்தது என்று சொல்ல முடியாது.

இயந்திரத்தில் எழுதியிருக்கும் 7 கிலோ, 8 கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. சட்டை, சாரம், துவாய் போன்று ஒன்றையொன்று தாண்டிப் புரளக்கூடிய துணிகளுக்கே அந்தக் கணக்குப் பொருந்தும். மூன்று கிலோ போர்வை எடைக் கணக்கில் அடங்கும், ஆனால் இடக் கணக்கில் அடங்காது. தொட்டிக்குள் இட்டபின் மேலே ஒரு கை தாராளமாகப் போய்வர இடமில்லையென்றால் அங்கே தோய்ப்பு நடக்காது, ஊறல்தான் நடக்கும். பிழியும் கட்டத்தில் இன்னொரு சிக்கல் வருகிறது. பஞ்சு நிறைந்த ஒற்றைப் பொருள் தண்ணீரைக் குடித்து ஒரு பக்கமாகக் குவிந்தால், வேகமாகச் சுழலும் தொட்டி சமநிலை இழந்து அடிக்கத் தொடங்கும். முதியவரின் படுக்கையில் விரிக்கும் இறப்பர் சீற்றும், நீர்புகா மெத்தையுறையும் இதைவிட ஆபத்தானவை. அவை தண்ணீரை உள்ளே சிறைப்பிடித்து, சுழற்சியின் நடுவில் திடீரெனக் கொட்டிவிடும். 2016 நவம்பரில் அமெரிக்காவில் சாம்சங் நிறுவனம் மேலே திறக்கும் இயந்திரங்கள் சுமார் 28 இலட்சத்தை மீளழைத்தது. படுக்கை விரிப்பு, பருமனான துணி, நீர்புகாத் துணி ஆகியவற்றைக் குறைந்த வேகத்தில் மட்டுமே தோய்க்கும்படி பாவனையாளர்களுக்கு அப்போது கூறப்பட்டது. அங்கே பழுதானது வடிவமைப்பு. ஆனால் அந்த எச்சரிக்கையின் பௌதிகம் கிளிநொச்சியில் ஓடும் எந்தத் தொட்டிக்கும் பொதுவானது. எனவே இறப்பர் சீற்றைத் துடைத்துக் கழுவச் சொல்ல வேண்டும். மெசினில் போடச் சொல்லக் கூடாது. இலவம் பஞ்சுத் தலையணையும் அப்படித்தான். அதன் இழை தண்ணீரை எளிதில் ஏற்காது, தோய்த்தால் கட்டிபட்டுப்போகும். உறையைக் கழற்றித் தோய்த்து, தலையணையைத் தட்டி வெயிலில் வைப்பதே அதற்குரிய முறை.

இனி இரண்டாவது கேள்வி. சிரங்கை உண்டாக்கும் உண்ணியை அகற்றுவது நோக்கம் என்றால், 50 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பத்து நிமிடம் இருந்தால் அது சாகும். அது உண்மைதான். ஆனால் மனித உடலை விட்டு விலகிய உண்ணி பொதுவாக இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிப்பதில்லை என்பதும் அதேயளவு உண்மை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் சிரங்கு பரவியபோது, படையினரின் போர்வைகளையும் துணிகளையும் சூட்டறைகளில் இட்டு உண்ணியை நீக்கப் பெரும் உழைப்பும் எரிபொருளும் செலவிடப்பட்டன. பூச்சியியலாளர் கெனத் மெலன்பி ஷெஃபீல்ட் நகரில் தொண்டர்களை வைத்து இதைச் சோதித்தார். நோயாளிகள் பாவித்த, தோய்க்காத உள்ளாடைகளையும் போர்வைகளையும் கொண்டு 272 தடவை தொற்றவைக்க முயன்றதில் நான்கு பேருக்கே நோய் வந்தது. நெருங்கிய உடல் தொடர்பே பிரதான வழி என்பதை அந்தச் சோதனை நிலைநிறுத்தியது. நமக்கு இதிலுள்ள பாடம் வெளிப்படையானது. வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினார்களா, கழுத்திலிருந்து பாதம்வரை பூசினார்களா, உரிய நாளில் இரண்டாம் முறை பூசினார்களா என்று கேட்பதற்குச் செலவிட வேண்டிய நேரத்தைப் போர்வைக்குச் செலவிடுகிறோம். உடலோடு ஒட்டும் பெட்சீற், தலையணை உறை, உடுதுணி ஆகியவற்றைத் தோய்த்தால் போதும். கனத்த போர்வையை ஒரு பொலித்தீன் பையில் கட்டி ஒரு கிழமை ஒதுக்கி வைத்தால், கொதிநீர் இல்லாமலே அதே பலன் கிடைக்கும். சின்னர் வட்டத்தில் நம்மிடம் மிஞ்சியிருக்கும் ஒரே பங்கு நேரம்தான். அதை இங்கே முழுதாகப் பயன்படுத்துகிறோம். கடும் நோயெதிர்ப்புக் குறைவுள்ளவர்களுக்கு வரும், பல இலட்சம் உண்ணிகள் செறியும் பொருக்குச் சிரங்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே துணிகளும் படுக்கையும் உண்மையிலேயே நோயைக் காவும். கடுமையான துப்புரவு தேவை.

சுவாச இழுப்போடு தொடர்புள்ள வீட்டுத் தூசு உண்ணிக்குக் கணக்கு வேறு. அது உயிரோடிருப்பதும் அதன் கழிவு துணியில் கிடப்பதும் இரு தனிப் பிரச்சினைகள். 55 பாகைக்கு மேற்பட்ட சூடு உண்ணியைக் கொல்லும். குளிர்நீர் அதைக் கொல்லாவிட்டாலும் ஒவ்வாமையூட்டும் கழிவில் பெரும்பங்கைக் கழுவிச் செல்லும். ஆகவே தொட்டியில் தாராளமாகப் புரளும் ஒற்றை விரிப்புக்குக் குளிர்நீர்த் தோய்ப்பு வீணல்ல. கொல்லும் வேலையை வெயிலிடம் விடலாம். வெயிலில் நேரே விரித்த கம்பளத்தில் உண்ணிகள் அனைத்தும் சாகக்கூடும் என்று 1994இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு, பங்குனி வெயிலில் மெத்தையை முற்றத்துக்கு இழுத்துவரும் நமது பழக்கத்துக்கு விஞ்ஞானத்தின் ஒப்புதல். ஆனால் ‘எல்லாவற்றையும் வெயிலில் போடுங்கோ’ என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. நுளம்பு வலை அதற்குச் சாட்சி. மலேரியா வேரூன்றியிருந்த வன்னி உட்பட இலங்கையில் உள்நாட்டில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்கு மலேரியா அற்றதென்ற சான்றிதழை வழங்கியது. வெளிநாட்டிலிருந்து வருவோரோடு நோய் மீளக்கூடும் என்பதால் மருந்தூட்டிய வலைகளின் பெறுமதி குறையவில்லை. அவற்றின் மருந்து ஏறத்தாழ இருபது தோய்ப்புகளைத் தாங்கும் என்ற கணக்கு, மென்மையான சவர்க்காரமும் குளிர்நீரும் கையால் அலசுவதும் நிழலில் உலர்த்துவதும் என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டது. இயந்திரத்தின் உராய்வு வலையைக் கிழிக்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மருந்தைச் சிதைக்கும். அலசிய தண்ணீர் குளத்தில் கலந்தால் மீன் சாகும். போர்வை வெயிலுக்கு, வலை நிழலுக்கு. ஒரே கொடியில் இரண்டையும் போடச் சொல்வது நமது பிழை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். நனைந்த போர்வையைக் கையால் பிழிவது யார்? போருக்குப் பின் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் நிறைந்த பிரதேசம் இது. பகலில் கூலிவேலை, மாலையில் கிணற்றில் தண்ணீர் அள்ளல் என்று ஓடும் ஒருவரிடம் இயந்திரத்தை ஒதுக்கிவைக்கச் சொல்வது அநியாயம் அல்லவா? அநியாயம்தான்; அதனால்தான் இவ்வுரை அப்படிச் சொல்லவில்லை. தோய்க்க வேண்டிய பொருட்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய முதல் உதவி. எல்லாவற்றையும் கொதிநீரில் தோய்க்கச் சொல்வது அவர் தலையில் விறகையும் தண்ணீரையும் ஏற்றும் செயல். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் அடுத்தடுத்து உயர்ந்த மின் கட்டணத்துக்குப் பிறகு, ஹீற்றர் உள்ள வீட்டிலும் அது பாரமே. மெல்லிய விரிப்புகளை இயந்திரத்துக்கும், கனத்த போர்வையை இரவு முழுதும் ஊறலுக்கும் பிறகு குறைந்த வேகச் சுழற்சிக்கும் ஒற்றையாக அனுப்பச் சொன்னால் அவருடைய முதுகும் மிஞ்சும், இயந்திரமும் மிஞ்சும். ஒரு தடவை தோய்க்க நூறு லீற்றருக்கு மேல் குடிக்கக்கூடிய இயந்திரங்கள் இவை. ஆடி, ஆவணியில் கிணறு வற்றும் ஊர்களில் தேவையற்ற ஒரு தோய்ப்பைத் தவிர்ப்பதும் சுகாதாரப் பணிதான்.

இன்னொரு மறுப்பு நமது துறைக்குள்ளிருந்தே வரும்: செய்தி சுருக்கமாக இருந்தால்தான் மக்கள் பின்பற்றுவார்கள், பொருளுக்கொரு விதி சொன்னால் குழம்புவார்கள். சுருக்கம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால் செய்ய முடியாத சுருக்கத்துக்குப் பயன் என்ன? சிரங்கு திரும்பி வரும்போது ‘சொன்னபடி தோய்க்கவில்லை’ என்ற பழி தாயின் மேல் விழுகிறது. இரண்டாம் முறை மருந்து பூசாதது யார் கண்ணிலும் படாமல் போகிறது. மாரிகாலம் இதை இன்னும் கூர்மையாக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை போர்வை காய நாட்கணக்கில் ஆகும். அரைகுறையாகக் காய்ந்த பஞ்சு பூஞ்சணத்துக்கு இடம் கொடுத்து, இழுப்புள்ள பிள்ளைக்குப் புதிய தொல்லை ஆகும். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் போன்று கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கும் வேளையில், சேற்று நீர் குடித்த பஞ்சு மெத்தையை எந்த இயந்திரமும் மீட்காது. அதைக் கைவிடச் சொல்லும் துணிவும், மாற்று மெத்தையை நிவாரணப் பட்டியலில் சேர்க்கும்படி பிரதேச செயலகத்துக்கு எழுதும் பொறுப்பும் நமக்கு வேண்டும். அங்கே ‘தோய்த்துப் பாவியுங்கோ’ என்பது அறிவுரை அல்ல, கைகழுவல்.

ஆகவே வீட்டுத் தரிசிப்பின்போது, மெசின் இருக்கிறதா என்ற கேள்வியோடு நிற்காமல், அதற்கு ஹீற்றர் உண்டா, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, துணி எங்கே காய்கிறது என்றும் கேட்போம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் கொடுக்கும் சிரங்குத் துண்டறிக்கையில், தோய்ப்பதைப் பற்றிய வரிக்கு மேலே மருந்தை எல்லோரும் ஒன்றாகப் பூசுவதைப் பற்றிய வரி வரட்டும். அதற்குக் கீழே மூன்று படங்கள் போதும்: தொட்டிக்குள் ஒரு விரிப்பு, கட்டிய பைக்குள் ஒரு போர்வை, நிழலில் தொங்கும் ஒரு வலை. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கும். வெயிலில்லாத கார்த்திகையிலும் அதைச் செய்ய முடியும்.