பொன்வினையும் கலையே

ஓவியம் தீட்டுவோனைக் கலைஞன் என்றும், அணி செய்வோனைத் தொழிலாளி என்றும் பிரித்துரைப்பார் பலர். இப்பிரிவு பொருந்துமா என்பதைச் சிலப்பதிகாரம் கொண்டே ஆராயலாம்.

கோவலன் காட்டிய சிலம்பின் வேலைப்பாட்டைக் கூர்ந்து நோக்கிய அரண்மனைப் பொற்கொல்லன், அஃது அரசியின் காலுக்கே தக்கது என்றான். கண்ணகியின் சிலம்பினுள் இருந்தது மாணிக்கப் பரல்; அரசியின் சிலம்பினுள் இருந்தது முத்து. உடைத்துப் பரல் தெறித்த பின்னரன்றோ உண்மை வெளிப்பட்டது! அச்சிலம்பை இயற்றிய கைகள் யாருடையனவோ, காப்பியம் கூறவில்லை. வஞ்சகன் ஒருவனை மட்டும் நினைவிற் கொண்டு பொன்வினைஞர் அனைவரையும் பழித்தல் முறையன்று.

உள்ளீடற்ற சிலம்பொன்றைச் செய்தல் எளிதன்று. தட்டத் தட்ட உலோகத் தகடு இறுகும். இறுகியதை மேலும் தட்டினால் வெடிக்கும். ஆதலின் அதனை நெருப்பிற் காட்டி இளக்கி, மீண்டும் தட்டல் வேண்டும். தூய பொன் 1064 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகும். ஆயினும் அது மிக மெல்லியது. எனவே 24 பங்கில் 22 பங்கு பொன்னும், எஞ்சியது செம்பு முதலியனவுமாகக் கலந்தே அணி செய்வது பெருவழக்கு. மூட்டுகளைப் பிணைக்கும் பற்றாசு, அணிப்பொன்னுக்கு முன்னரே உருகி இடைவெளியில் ஓட வேண்டும். வெப்பம் ஏறுவதை நிறமாற்றங்கொண்டே கொல்லன் அறிவான். ஊதுகுழலில் ஒரு மூச்சு மிகுந்தால், பன்னாள் உழைப்பு உருகிப் போகும். இத்தகைய கண் ஓவியன் கண்ணினும் எவ்வகையில் தாழ்ந்தது?

இயந்திரம் ஒரே அச்சில் ஆயிரம் அணிகளை வார்க்கும், விலையும் குறையும். அதனை வேண்டா என்பார் இலர். ஆனால், புதியதொரு வடிவத்தை முதலில் எண்ணி இயற்றுதற்கு உலோகத்தின் இயல்பறிந்த ஒருவர் வேண்டும். முன்னாளில் அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது; பிறர்க்குப் பட்டறைக் கதவு பெரும்பாலும் அடைத்தே இருந்தது. மகன் வேறு பணி நாடின், கலையும் அவ்வீட்டோடு முடிந்தது. இக்குறையை மறைத்துப் பழமையைப் புகழ்தல் தகாது.

மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. கல்லிலும் உலோகத்திலும் சிற்பம் கற்பார்க்கு அங்கே பட்டமும் உண்டு. அணிவினைக்கும் அத்தகைய இடம் வேண்டும். நாகர்கோவிலின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை; அக்குறியீடு பெயரைக் காக்குமேயன்றிக் கைத்திறனைக் கற்பியாது. அந்நகைகளுக்குப் பெயர்பெற்ற வடசேரியிலேயே ஒரு பள்ளி எழலாம். எக்குடியிற் பிறந்தோரும், ஆணும் பெண்ணும் அங்குச் சேரலாம். முதலாண்டில் அவர்க்குப் பொன் வேண்டுவதில்லை; ஒரு செப்புத் தகடும் சிறு சுத்தியலும் போதும்.