முதுகுவலி என்று திருப்பி அனுப்பப்படும் உடல்கள்

செங்கல் சூளை, கல்குவாரி, கட்டட வேலை, நடவு. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை நம் மக்களின் முதுகு இப்படித்தான் தேய்கிறது. அதனால் அந்த முதுகு வலித்தால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "சுமை தூக்குற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று ஒரு ஊசி, நாலு மாத்திரையோடு அனுப்பிவிடுகிறார்கள். நாமும் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறோம்.

பெரும்பாலான முதுகுவலி உழைப்பால் வருவதுதான். ஆனால் மிகச் சிலருக்கு அது கீழ் முதுகுத்தண்டில் வளரும் கட்டி. தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புக் கற்றை தொங்குகிறது. கட்டி அதை அழுத்தினால் கால்கள் பலமிழக்கும், சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளும், உட்காரும் இடம் மரத்துப்போகும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். தாமதித்தால் இழந்தது திரும்பாமல் போகலாம்.

இதைவிட அபூர்வமான சிக்கலும் உண்டு. கட்டியால் மூளைத் தண்டுவட நீரில் புரதம் கூடி, மூளையில் நீர் கோத்துக்கொள்ளும். தலைவலி வரும், பார்வை மங்கும். கண்ணுக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். நோயோ இடுப்பில் இருக்கும்.

சிறுநீர் பற்றியும் மரத்துப்போன இடம் பற்றியும் ஆண் மருத்துவரிடம், கூட்டத்தின் நடுவில், நம் பெண்கள் எப்படிச் சொல்வார்கள்? கேட்காத கேள்விக்குப் பதில் வராது. கேட்க மனமில்லாததற்கு நேரமின்மை மட்டுமே காரணமா என்பதையும் நாம் பேசியாக வேண்டும்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் இம்மாவட்டப் பறையர்களின் நிலைமையை அறிக்கையாக எழுதினார். அதையொட்டி வந்ததுதான் பஞ்சமி நிலம். அந்த நிலம் நம் கையில் நின்றிருந்தால், இத்தனை பேர் அடுத்தவர் சுமையைத் தூக்கியிருக்க மாட்டார்கள். நிலவுரிமையும் மருத்துவ உரிமையும் ஒரே போராட்டம்தான்.

2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வருகிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறது. அதே பணியாளர்கள் நான்கு கேள்விகளையும் கேட்கட்டும்: படுத்தால் வலி கூடுகிறதா? கால் பலம் குறைகிறதா? சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றமா? உட்காரும் இடம் மரக்கிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். சிறுநீர் அடைப்போ மரப்போ இருந்தால் 108ஐ அழைத்து, அன்றே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மாணவத் தோழர்களே, அரசு கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் சேரியில் இந்த நான்கு கேள்விகளை நாளைக்கே கேட்கத் தொடங்குங்கள்.