மன்னிப்புக் கேட்ட தூதுவர்

தூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய திருக்குறளைப் பயின்ற நமக்கு, தூதுவன் என்றதும் தன் வேந்தனின் சொல்லை மாற்றரசன் அவையில் அஞ்சாது உரைப்பவனே நினைவுக்கு வருகிறான். பகைவர் இருவர்க்கு நடுவே நிற்கும் தூதுவனின் நிலை வேறு. அவனுக்குப் படை இல்லை. பின்னின்று காக்கும் வேந்தனும் இல்லை. இருபுறத்தாரும் அவனை ஐயுறுவர். அல்ஜீரியாவின் லக்தர் பிராஹிமி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அந்த நடுவிடத்திலேயே கழித்தவர்.

1934இல் பிறந்த அவர், பிரெஞ்சு ஆட்சிக்கெதிரான விடுதலைப்போர் மூண்டபோது மாணவர். 1956இல் தேசிய விடுதலை முன்னணியின் பிரதிநிதியாக ஜகார்த்தா சென்றார். அப்போது வயது இருபத்திரண்டு. உலக வரைபடத்தில் அவருடைய நாடே இல்லை! 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின் கெய்ரோவிலும் இலண்டனிலும் தூதராகப் பணியாற்றினார்.

அவர் புகழின் உச்சம் லெபனான். 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போரை நிறுத்த அரபு லீக் அவரை அனுப்பியது. 1989இல் லெபனானின் எஞ்சிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் சவூதி அரேபியாவின் தாயிஃப் நகரில் கூடினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கல்லடிபட்ட அதே தாயிஃப்! கிறிஸ்தவர்க்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்றிருந்த இடப் பங்கீடு அங்கே சமமாயிற்று. மறு ஆண்டில் போர் ஓய்ந்தது. சமயவாரிப் பங்கீட்டை அவ்வுடன்படிக்கை வேரறுக்கவில்லை எனக் குறை கூறுவோர் உளர். குறை மெய்யே. எனினும் பதினைந்தாண்டுக் குருதிப் பெருக்கை நிறுத்திய ஒன்றைச் சிறிதென்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

அவர் வாழ்வில் நம்மால் எளிதில் கடந்துசெல்ல இயலாத ஓர் ஏடும் உண்டு. 1991 முதல் 1993 வரை அவர் தம் நாட்டின் வெளியுறவு அமைச்சர். இஸ்லாமிய மீட்பு முன்னணி முதற்சுற்றில் வென்ற பொதுத்தேர்தலை, 1992 ஜனவரியில் இராணுவம் நிறுத்தியது. தொடர்ந்த போரில் அல்ஜீரியா பத்தாண்டுகள் வெந்தது. அவ்வரசின் குரலாய் உலக அரங்கில் நின்றவர் அவர். பிறநாட்டுப் பிணக்குகளைத் தீர்க்கப் பின்னர்ப் புறப்பட்டவரிடம் இக்கேள்வியை வரலாறு கேட்கவே செய்யும்.

1994இல் தென்னாப்பிரிக்கத் தேர்தலுக்கான ஐ.நா. பார்வையாளர் குழுவிற்குத் தலைமை, பின்னர் ஹைத்தி, ஆப்கானிஸ்தான் எனப் பணிகள் தொடர்ந்தன. 2001 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் ஆப்கானிஸ்தானுக்கு இடைக்கால அரசை வகுத்த உடன்படிக்கை அவர் முன்னிலையில் உருவாயிற்று. அங்கே தாலிபான்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. அது பிழை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்தப் பிழையின் விலை என்னவென்பதை 2021 ஆகஸ்டில் காபூல் மீண்டும் கைமாறியபோது உலகம் கண்டது.

2012இல் கோஃபி அன்னான் விலகிய இடத்தில், எழுபத்தெட்டு வயதில், சிரியாவுக்கான சிறப்புத் தூதுப் பொறுப்பை ஏற்றார். 2014 பிப்ரவரியில் ஜெனீவாப் பேச்சின் இரண்டாம் சுற்றும் பயனின்றி முடிந்தது. அப்போது செய்தியாளர் முன்னிலையில் சிரிய மக்களிடம் அவர் மன்னிப்புக் கேட்டார். அதனைக் கையாலாகாத்தனம் என்றனர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வெற்றியைத் தமதென்றும் தோல்வியைப் பிறர் தலைமேலும் ஏற்றுவது அரசியலின் வாடிக்கை. குண்டு ஒன்றையும் வீசாத முதியவர், வீசியவர்களுக்கும் சேர்த்துத் தலைகுனிந்தார். தாயிஃபின் வெற்றியைவிட அந்தக் குனிவே அவரை நம் கண்ணில் உயர்த்துகிறது.

மே 13ஆம் நாள் அவருடைய பதவி விலகல் அறிவிக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து, சிரியக் கொடுமைகளைப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பும் தீர்மானம் பாதுகாப்பு அவைக்கு வந்தது. பதின்மூன்று நாடுகள் ஆதரித்தன. ரஷ்யாவும் சீனாவும் தம் தடையதிகாரத்தால் அதனை வீழ்த்தின. அவர்கள் எவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.